பன்னிருவரும் பெயரற்றோரும்: யாழ்ப்பாணத்துக் கிறித்தவ வரலாற்றெழுத்தில் ‘அப்போஸ்தலர்’ என்னும் கருத்து

கிறித்தவத்தின் தொடக்ககால வளர்ச்சியை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் பன்னிரு அப்போஸ்தலரிலிருந்தே தொடங்குவர். இயேசு அனுப்பினார், பன்னிருவர் சென்றனர், உலகம் கேட்டது என்ற அளவில் அவ்வரலாறு சொல்லி முடிக்கப்பட்டுவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிறித்தவ வரலாற்றை எழுதியோரும் பெரும்பாலும் இவ்வச்சிலேயே தம் நூல்களை வார்த்தனர். பிரான்சிஸ் சவேரியார் ‘இந்தியாவின் அப்போஸ்தலர்’ ஆனார். யோசேவாஸ் அடிகள் ‘இலங்கையின் அப்போஸ்தலர்’ ஆனார். அமெரிக்க மிசனரிமாரை இப்பட்டத்தால் அழைக்கும் வழக்கம் இல்லையெனினும், அவர்களைப் பற்றிய வரலாறுகளும் இதே வரிசையில் அமைந்தவையே. இவ்வடைமொழி வெறும் மரியாதைச் சொல்லன்று. அதனுள் ஒரு வரலாற்றுக் கொள்கை அடங்கியுள்ளது. ஒரு சமயம் எவ்வாறு பரவுகின்றது என்னும் வினாவுக்கு, ‘அனுப்பப்பட்ட ஒருவரால்’ என்று அது முன்கூட்டியே விடை கூறிவிடுகின்றது. அவ்விடை புதிய ஏற்பாடு தரும் சான்றுகளுக்கும் முழுமையாகப் பொருந்தாது, யாழ்ப்பாணத்து வரலாற்றுக்கும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையில் நிறுவ முயலும் கருத்தாகும்.

இதனை ஆராய்வதற்கு நம்மிடமே உள்ள ஓர் இலக்கியத்தைத் தொடக்கமாகக் கொள்ளலாம். போர்த்துக்கேயர் ஆட்சியில் ஈழத்தில் எழுந்த கிறித்தவத் தமிழ் நூல்கள் எனும்போது ஞானப்பள்ளும் சந்தியோகுமையோர் அம்மானையும் உடனே நினைவுக்கு வருவன. பின்னது தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவரால் 1647ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் தலைவர் பன்னிருவருள் ஒருவர்; செபெதேயு என்னும் மீனவரின் மகன்; அருளப்பரின் உடன்பிறந்தவர்; யாகப்பர் என்று நம்மவர் வழங்கும் அப்போஸ்தலர். நம் இலக்கிய வரலாறுகள் இந்நூலைக் குறிப்பிடும்போது ஆண்டு, ஆசிரியர், பிரபந்த வகை என்ற மூன்றோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. எந்த யாகப்பரைப் புலவர் பாடினார் என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. இவ்வினா அற்பமானதன்று.

பெயரையே முதலில் நோக்குவோம். எபிரேயத்தில் யாக்கோபு எனப்பட்டது இலத்தீனில் யாக்கோபுஸ் ஆகி, ஐபீரிய நாடுகளின் பேச்சில் இயாகோ எனத் தேய்ந்தது. புனிதர் என்னும் பொருள்தரும் அடை முன்னே ஒட்டிச் சந்தியாகோ என்றாயிற்று. பன்னிருவருள் யாகப்பர் இருவர் உளராதலின் மூத்தவரைப் பிரித்துக் காட்ட ‘பெரியவர்’ என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல் பின்னே சேர்ந்தது. அம்முழுத் தொடரையும் தமிழ் நாவு ஏற்றுக்கொண்ட வடிவமே சந்தியோகுமையோர். ஒரே பெயருக்குள் கலிலேயாவும் உரோமையும் ஸ்பெயினும் யாழ்ப்பாணமும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பேதுருப் புலவர் தம் நூலுக்குச் சூட்டிய பெயர் விவிலியத்திலிருந்து நேராக வந்ததன்று, கப்பலேறி வந்தது.

புதிய ஏற்பாட்டில் இந்த யாகப்பரின் பங்கு யாது? நற்செய்தி நூல்களில் அவர் இயேசுவுக்கு மிக நெருங்கிய மூவருள் ஒருவர். ஆயினும் திருச்சபையின் வளர்ச்சியைக் கூறும் அப்போஸ்தலர் நடபடிகளில், 12ஆம் அதிகாரத்தில், ஏரோது அரசன் அவரை வாளால் கொல்வித்தான் என்று ஒரே ஒரு வசனத்தில் அவர் கதை முடிந்துவிடுகின்றது. அந்த ஏரோது முதலாம் அகிரிப்பா. அவன் இறந்தது கி.பி. 44இல். எனவே யாகப்பர் இறந்தது அவ்வாண்டிலோ அதற்குச் சற்று முன்னரோ ஆகும். யூதாசு விட்டுச்சென்ற இடத்துக்குச் சீட்டுப் போட்டு மத்தியாசைத் தெரிந்தவர்கள் யாகப்பரின் இடத்தை நிரப்பியதாகச் செய்தி இல்லை. அவர் எந்நாட்டில் போதித்தார், எந்தத் திருச்சபையை நிறுவினார் என்று அந்நூல் ஒரு சொல்லும் கூறவில்லை.

வரலாறு விட்ட வெற்றிடத்தை மரபு நிரப்பிற்று. யாகப்பர் ஸ்பெயினுக்குச் சென்று போதித்தார் என்ற கதை பிற்காலத்தில் எழுந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் வடமேற்கில் அவருடைய கல்லறை கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்பட்டு, கொம்பொஸ்தேலா ஐரோப்பாவின் பெரும் யாத்திரைத் தலங்களுள் ஒன்றாயிற்று. அதன்பின் மூர்களோடு நடந்த போர்களில் அவர் வெண்குதிரைமீது தோன்றிக் கிறித்தவப் படைக்கு வெற்றி தந்தார் என்ற கதையும் வளர்ந்தது. அவர் பெயரே போர் முழக்கமாயிற்று. வாளால் வெட்டுண்டு இறந்த மீனவர் வாளேந்திய வீரராக மாறிய இம்மாற்றம் சமய வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கொண்டுவந்த யாகப்பர் இந்த இரண்டாமவரே என்பதில் ஐயமில்லை. அரசு வீழ்ந்து முப்பதாண்டுகூட நிறையாத காலத்தில் அப்பெயரைத் தலைப்பில் தாங்கி ஓர் அம்மானை எழுகின்றது எனில், அப்போஸ்தலரை ஆட்சியோடு சேர்த்துக் காணும் பார்வை அதன் பின்னணியில் இருந்தே தீரும்.

ஆனால் இவ்வளவோடு நூலை ஒதுக்கிவிடுதல் நேர்மையான திறனாய்வாகாது. அம்மானை என்னும் வடிவத்தைப் புலவர் தெரிந்தது கருதத்தக்கது. மகளிர் காய் வீசி ஆடும் ஆட்டத்தோடு பிறந்து, பின்னர் நெடுங்கதை சொல்லும் பாட்டாக வளர்ந்த வடிவம் அது. ஒருவர் பாடப் பலர் இருந்து கேட்பதற்குரியது. எழுத்தறியாதோரும் உரிமை கொண்டாடத்தக்கது. காப்பியமோ கலம்பகமோ பாடியிருப்பின் அது புலவர் அவையோடு நின்றிருக்கும். நூல் தோன்றிப் பதினோராண்டு கழித்து, 1658இல், யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோயில்கள் புரட்டஸ்தாந்த மதத்துக்கு மாற்றப்பட்டன. குருவில்லாத ஊரில் ஓர் ஏடும் அதைப் பாடவல்ல ஒருவரும் எஞ்சியிருந்தால் போதும், நினைவு அறுபடாது. சந்தியோகுமையோர் அம்மானை இன்று நம் கைக்கு எட்டியிருப்பதே அதை எவரோ பெயர்த்தெழுதியும் பாடியும் பேணினர் என்பதற்குச் சான்று. பாடிய புலவரின் பெயர் நமக்குத் தெரியும். பேணியோர் பெயர் தெரியாது. இக்கட்டுரை பற்றி நிற்பது இந்த வேறுபாட்டையே.

அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூற்பெயரே நம்மைத் தவறான வழியில் செலுத்துவது. 28 அதிகாரமுள்ள அந்நூலில் பன்னிருவருட் பெரும்பாலோர் தொடக்கப் பெயர்ப் பட்டியலோடு மறைந்துவிடுகின்றனர். முற்பகுதியில் இராயப்பரும் பிற்பகுதியில் பன்னிருவரைச் சேராத சின்னப்பருமே மேடையை நிறைக்கின்றனர். சற்றுக் கூர்ந்து படிப்போர்க்கு வேறொரு செய்தி புலப்படும். 8ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், எருசலேமில் பெருங்கலாபம் எழுந்தபோது அப்போஸ்தலர் தவிர ஏனையோர் சிதறிப் போயினர் என்று ஆசிரியர் குறிக்கின்றார். சிதறியோரே சென்ற இடமெல்லாம் போதித்தனர். ‘அனுப்பப்பட்டோர்’ என்று பெயர் பெற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். எவராலும் அனுப்பப்படாதோர் சென்றார்கள். 11ஆம் அதிகாரத்தில் இதன் விளைவு கூறப்படுகின்றது. சைப்பிரசு, சிரேனே ஆகிய ஊர்களைச் சேர்ந்த சிலர் அந்தியோக்கியாவுக்கு வந்து, யூதரல்லாத கிரேக்கரிடத்தும் பேசத் தொடங்கினர். கிறித்தவம் ஒரு யூதக் குழுவாக நில்லாமல் உலக சமயமாகத் திரும்பிய முனை இதுவே. கிறித்தவர் என்ற பெயரும் அந்நகரிலேயே முதன்முதல் வழங்கிற்று. இத்துணைப் பெரிய செயலைச் செய்தவர்களின் பெயரை நூலாசிரியர் குறிக்கவில்லை. ‘சிலர்’ என்று கூறிக் கடந்துபோகின்றார். எருசலேமிலுள்ளோர் பின்னரே செய்தியறிந்து பர்னபாவை அனுப்பினர்.

உரோமைத் திருச்சபையின் கதையும் இத்தகையதே. கி.பி. 57ஐ ஒட்டிய காலத்தில் சின்னப்பர் உரோமையருக்கு மடல் வரைந்தபோது அங்கு ஒரு திருச்சபை ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. அவர் அந்நகரைக் கண்டதில்லை. இராயப்பர் அதை நிறுவினார் என்று அம்மடல் கூறவில்லை. வணிகரோ, அடிமைகளோ, திருவிழாவுக்கு எருசலேம் சென்று மீண்ட யூதரோ அதை அங்குக் கொண்டுசென்றிருத்தல் வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. இரண்டாம் நூற்றாண்டில் கிறித்தவத்தை எதிர்த்து எழுதிய கெல்சுஸ் என்பவன், கம்பளி நெய்வோரும் செருப்புத் தைப்போரும் வண்ணாரும் வீட்டுக்குள் புகுந்து பெண்களையும் பிள்ளைகளையும் மயக்குகின்றனர் என்று இகழ்ந்தான். பகைவன் கூற்றாதலின் அதன் வரலாற்றுப் பெறுமதி மிகுதி. வீடும் தொழிற்களமுமே பரவலின் வழிகளாயிருந்தன என்பதை அவன் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கின்றான்.

ஜெர்மானிய அறிஞர் ஆர்னாக் 1902இல் வெளியிட்ட பெருநூலில், முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறித்தவத்தைப் பரப்பியோருள் மிகுதியானோரும் மிக்க வெற்றி கண்டோரும் தொழில்முறைப் போதகரல்லர், சாதாரண கிறித்தவரே என்று எடுத்துக்காட்டினார். அமெரிக்கச் சமூகவியலாளர் ரொட்னி ஸ்ராக் 1996இல் இதனை எண்ணால் விளக்கினார். கி.பி. 40இல் ஆயிரம் பேர் என்று கொண்டு, பத்தாண்டுக்கு நூற்றுக்கு நாற்பது வீதம் பெருகினால் கி.பி. 300இல் ஏறத்தாழ 60 இலட்சம் ஆகும். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் இது நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவு. இது மதிப்பீடேயன்றிக் கணக்கெடுப்பன்று. தொடக்க எண்ணே ஊகம்தான். எனினும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் மனந்திரும்பும் அற்புதங்கள் இன்றியும், உறவினர் உறவினருக்கும் அயலார் அயலாருக்கும் சொல்லும் மெல்லிய பெருக்கத்தாலேயே இவ்வளர்ச்சி நிகழக்கூடும் என்பதை அது காட்டுகின்றது.

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம்.

சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். பரதவர் திருமுழுக்குப் பெறத் தொடங்கியதோ அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னர். அவருக்குத் தமிழ் தெரியாது. தூத்துக்குடியில் இரு மொழியும் ஓரளவு அறிந்தாரைக் கூட்டி, மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்ப்பித்து, மனனம் செய்து, ஊரூராகச் சென்று சொன்னார். சென்ற ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்னும் உபதேசியாரை நியமித்தார். போர்த்துக்கல் இராணியின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கப்பட்ட பணத்தைக் கேட்டுப் பெற்று அவர்களுக்கு வேதனம் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. சவேரியார் ஓர் ஊரில் தங்கியது சில நாட்கள். கணக்கப்பிள்ளை தங்கியது ஆயுள் முழுவதும். குழந்தைக்கு முழுக்களித்ததும், செபம் சொல்லிக் கொடுத்ததும், இறந்தோரைப் புதைத்ததும் அவரே. சவேரியாரைப் பற்றி ஐரோப்பிய மொழிகளில் உள்ள நூல்கள் ஒரு நூலகத்தை நிறைக்கும். கணக்கப்பிள்ளைமாரைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.

மன்னார் நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. மன்னார்த் தீவின் மக்கள் தாமே சவேரியாரை அழைத்தனர். அவர் செல்ல இயலாமையால் ஒரு குருவை அனுப்பினார். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, முழுக்குப் பெற்றோருள் சற்றொப்ப 600 பேரைக் கொல்வித்தான். அரசியல் நோக்கில் பார்ப்பின், புதுச் சமயத்தினூடாகப் போர்த்துக்கேயரின் கை தன் நாட்டுள் நுழைவதாக மன்னன் கருதியதில் வியப்பில்லை. பின்னாளில் நடந்தவை அவன் அச்சத்தைப் பொய்யாக்கவுமில்லை. இப்பக்கத்தை நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும் இங்கு நாம் கருதவேண்டியது வேறு. அழைத்தவர்கள் அவ்வூரவர், இறந்தவர்கள் அவ்வூரவர், வரலாற்றில் அவர்கள் ஓர் எண்ணாக மட்டுமே நிற்கின்றனர். தோட்டவெளியில் அவர்கள் நினைவாக எழுந்த ஆலயம் ‘வேதசாட்சிகள்’ என்று பன்மையிற் சொல்கின்றது. சொல்வதற்குத் தனிப்பெயர் இல்லை.

போர்த்துக்கேயர் ஆட்சியில் குடாநாடு முழுவதும் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பிரான்சிஸ்கன் சபையாரும் யேசு சபையாரும் ஊர்களைப் பகிர்ந்துகொண்டனர். பல்லாயிரவர் முழுக்குப் பெற்றனர். ஒல்லாந்தர் வந்ததும் அதே மக்கள் புரட்டஸ்தாந்தராக எழுதப்பட்டனர். 1658இல் வந்த போல்தேயு பாதிரியார் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்துக் கோயில்களையும் பாடசாலைகளையும் விரித்துரைத்துள்ளார். விவாகப் பதிவும் உரிமையும் உத்தியோகமும் முழுக்கோடு பிணைக்கப்பட்டமையால் பட்டியல் நீண்டது. 1796க்குப்பின் ஆங்கிலேயர் அப்பிணைப்பைத் தளர்த்தியதும் அப்பட்டியல் காற்றில் கரைந்தது. நிறுவனமும் அதிகாரமும் பாடசாலையும் அனுப்பப்பட்டோரும் எல்லாம் ஒருங்கே இருந்த முயற்சி தடமின்றிப் போயிற்று. தடைசெய்யப்பட்டதும் குருவற்றதுமான கத்தோலிக்கமோ எஞ்சி நின்றது. அப்போஸ்தலர் கொள்கை இம்முரணை விளக்காது.

1658 முதல் 1687 வரையான 29 ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் கிறித்தவ வரலாற்றில் மிக முக்கியமானவை என்பது என் துணிபு. நம் வரலாற்று நூல்களில் அவை பெரும்பாலும் ‘இருண்ட காலம்’ என்று ஒரு பந்தியிற் கடக்கப்படுகின்றன. அப்பந்தியின் முடிவில் யோசேவாஸ் அடிகள் உதிப்பார். கோவையில் பிறந்த இக்கொங்கணிக் குருவானவர் 1687இல் யோவான் என்னும் இளம் பணியாளோடு பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் நோயுற்றுச் சாகும் நிலைக்கு உள்ளானார். தேறியபின் அவர் செய்தது யாது? செபமாலையைக் கழுத்தில் தெரியும்படி அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு முகம் மாறும் வீடு எதுவென்று பார்த்தார். அவ்வாறே கத்தோலிக்கர் அவரை அறிந்தனர். அவரும் அவர்களை அறிந்தார். பின்னர்ச் சில்லாலையில் அவருக்குப் பாதுகாப்பான இருப்பிடம் கிடைத்தது.

இக்கதையைப் பக்தி நூல்கள் அடிகளின் தாழ்மைக்குச் சான்றாகக் கூறுகின்றன. அது சரியே. ஆயினும் இதனுள் இருக்கும் மற்றொரு செய்தியை அவை காணவில்லை. செபமாலையைக் கண்டு முகம் மாறுவதற்கு அவ்வீட்டில் ஒருவர் அதன் பொருளறிந்து இருந்திருக்க வேண்டும். 29 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. 1687இல் முப்பது வயதுக்கு உட்பட்ட ஒருவர் குருவானவர் தங்கியிருந்த காலத்தை நினைவில் வைத்திருக்க இயலாது. அவருக்குச் செபத்தைச் சொல்லிக் கொடுத்தவர் தாயோ பாட்டியோ ஊர் மூப்பரோ ஆவர். இலங்கையின் அப்போஸ்தலர் இங்கு வந்து ஒரு திருச்சபையை நிறுவவில்லை. இருந்த ஒன்று அவரைக் கண்டுபிடித்தது. சின்னப்பர் உரோமைக்குச் சென்றபோதும் நிலைமை இதுவே.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்த அதிகாரிகள் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் கூடியிருந்த வீடுகளைச் சூழ்ந்து ஏறத்தாழ 300 பேரைப் பிடித்தனர். அடிகள் தப்பினார். தலைமையானவர் எண்மர் கசையடிபட்டனர். அவர்களுள் கல்வின் மதத்திலிருந்து மாறிய தொன் பேதுரு என்பவர் அடியினாலேயே இறந்தார். மற்றவர் கோட்டையில் கடின வேலைக்கு உட்படுத்தப்பட்டனர். மிசன் வரலாறுகள் தரும் இச்செய்தியில் அடிகள் தப்பியமையைக் கோழைத்தனமாகக் கொள்ளுதல் தகாது. குருவானவர் பிடிபட்டால் தீவு முழுவதும் திருவருட்சாதனங்கள் நின்றுபோம் என்று மக்களே அவரை மறைத்தனர். பின்னர் அவர் கண்டி இராச்சியம் சென்று, அங்கேயே 1711இல் மறைந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். தொன் பேதுரு பெயரளவிலேனும் எஞ்சினார். மற்றவர்களை நம்மிற் பலர் கேள்விப்பட்டதுமில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். கத்தோலிக்கம் திருப்பலியையும் பாவசங்கீர்த்தனத்தையும் மையமாகக் கொண்டது. குருவின்றி அவை இல்லை. எனவே அனுப்பப்பட்டோரின் இன்றியமையாமையை எவ்வாறு மறுக்கலாம்? மறுக்கவில்லை. யோசேவாஸ் வந்திராவிடில் சில்லாலையார் இன்னொரு தலைமுறைக்கு மேல் தாக்குப்பிடித்திருப்பர் என்று உறுதி கூற இயலாது. சிதறிக் கிடந்த குடும்பங்களை ஒன்றோடொன்று இணைத்ததும், ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் முறையாக அமர்த்தியதும், கோவையிலிருந்து பிற குருமார் வரும் வழியைத் திறந்ததும் அவருடைய அரும்பணி. சின்னப்பரும் அத்தகையவரே, அவருடைய மடல்கள் இல்லையெனில் பல ஊர்க் கூட்டங்கள் ஒரே திருச்சபை என்ற உணர்வைப் பெற்றிரா. எனின், அப்போஸ்தலரின் பங்கு விதைத்தலினும் இணைத்தலே என்று கொள்ளவேண்டும். விதை அவர்களுக்கு முன்னரே பெரும்பாலும் விழுந்திருந்தது. நம் வரலாற்றாசிரியர் இரண்டையும் ஒருவர் தலையிலேயே ஏற்றுவதுதான் குறை.

நல்லூர் ஞானப்பிரகாச சுவாமிகளை இங்கு விதிவிலக்காகக் குறிக்கலாம் என்று சிலர் கூறுவர். அவர் 1924இல் ஆங்கிலத்தில் எழுதிய இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபை வரலாறு ஆவணச் செறிவில் ஒப்பற்றது. ஆனால் அவர் கைக்கொண்ட ஆவணங்கள் குருமார் தம் தலைவர்க்கு வரைந்த மடல்களும், அவற்றை ஆதாரமாகக் கொண்ட சபை வரலாறுகளுமே. கடிதம் எழுதியவனே கதைத் தலைவனாவது இயல்பு. கேட்டவர்கள் கடிதம் எழுதவில்லை. தமிழ் நாட்டில் அண்டிறீக்கி பாதிரியார் 1586இல் அச்சிட்ட ‘பிளோஸ் சாங்தோரும்’ என்னும் அடியார் வரலாற்றிலிருந்து நம்மவர்க்குப் பழகிப்போன வாய்பாடு ‘ஒரு புனிதர், ஒரு வாழ்க்கை’ என்பதாகும். வாழ்க்கை வரலாறு வாய்பாடானபின் ஊரின் வரலாறு அதற்குள் அடங்க மறுக்கின்றது.

அமெரிக்க மிசனைப் பொறுத்தவரை விரிவாகக் கூறவேண்டியதில்லை. ஒன்றைச் சுட்டினால் போதும். 1816இல் டானியல் பூர் வந்து அமர்ந்த இடம் பேதுருப் புலவரின் அதே தெல்லிப்பழை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அறிவுத்துறையில் பெரும்புகழ் ஈட்டியது. எனினும், எதிர்பார்த்த அளவுக்கு மதமாற்றத்தை விளைக்கவில்லை என்ற மனக்குறை மிசன் தலைமையிடம் வளர்ந்து, 1855இல் அது மூடப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று. மாணாக்கர்க்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அப்போஸ்தலர் பெயரும் அன்று, ஊர்ப் பெயரும் அன்று. பணம் அனுப்பியவர் பெயர். வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அதற்கு உழைத்தவர் பிற்காலத்தில் ஆறுமுக நாவலர் என்று புகழ்பெற்ற சைவ இளைஞர். அம்மொழிபெயர்ப்போ பேர்சிவலின் பெயராலேயே வழங்கலாயிற்று.

இதே நோக்கில் அப்போஸ்தலர்க்குத் தமிழில் இடப்பட்ட பெயர்களையும் ஆராயலாம். புரட்டஸ்தாந்த மொழிபெயர்ப்புகள் பேதுரு, பவுல், யோவான் என்று ஒலியைப் பின்பற்றின. கத்தோலிக்க வழக்கோ பொருளைப் பின்பற்றிற்று. சிறியவர் என்னும் பொருளுடைய இலத்தீன் பெயர் சின்னப்பர் ஆயிற்று. கடவுளின் அருளைக் குறிக்கும் எபிரேயப் பெயர் அருளப்பர் ஆயிற்று. ஆண்மையும் வலிமையும் சுட்டும் கிரேக்கப் பெயர் பெலவேந்திரர் ஆயிற்று. பாறையைக் குறிக்கும் பெயர் இராயப்பர் ஆயிற்று என்பர். யாகப்பர் மட்டும் ஒலியையும் ‘அப்பர்’ என்னும் ஈற்றையும் இணைத்து இடைவழியில் நிற்கின்றார். தேவாரம் பாடிய நாவுக்கரசரை அப்பர் என்றழைத்துப் பழகிய செவிக்கு அவ்வீறு அந்நியமாயிராது. தெல்லிப்பழை தந்த கிறித்தவப் புலவர் இருவருள் ஒருவர் பேதுரு. மற்றவர் திருச்செல்வர் காவியம் பாடிய பூலோகசிங்க அருளப்ப நாவலர். முன்னவர் பெயரில் ஒலி நிற்கின்றது. பின்னவர் பெயரில் பொருள் நிற்கின்றது. இப்பெயர்கள் அனைத்தையும் பாதிரிமாரே தனித்திருந்து ஆக்கினர் என்று கொள்ள என் மனம் ஒருப்படவில்லை. நாள்தோறும் அழைத்து வழங்கியவர்களின் பங்கு அவற்றில் உண்டு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அப்போஸ்தலர் என்ற சொல்லையே விடுத்துத் திருத்தூதர் என்றது. தூது தமிழர்க்குப் பழக்கமான கருத்து; திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. தூதன் ஒருவன் உளனெனின் அவன் சொல்லைக் கேட்டு ஏற்கும் மறுபுறமும் உண்டு என்பதை அச்சொல் நினைவூட்டுகின்றது. அப்போஸ்தலர் என்ற அயற்சொல்லில் அந்நினைவு இல்லை.

குடாநாட்டு மக்களின் வாழ்வில் அப்போஸ்தலர் ஒரு கருத்தாகவன்றி ஓர் இடமாகவே நிலைபெற்றுள்ளனர் என்பதையும் கூறவேண்டும். கடனீரேரிக் கரையிலுள்ள கிளாலி யாகப்பர் கோயிலுக்கும் ஆட்சிக்கும் இன்று ஒரு தொடர்பும் இல்லை. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை அடைபட்டபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறிய ஆயிரக்கணக்கானோர்க்குக் கிளாலி என்ற பெயர் வேறொரு பொருள் தந்தது. குருநகர் யாகப்பர் ஆலயம் 1993 நவம்பரில் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. நவாலியில் இராயப்பர் சின்னப்பர் ஆலயத்தில் 1995 ஜூலை 9ஆம் நாள் தஞ்சம் புகுந்திருந்தோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் விமானக் குண்டுகளுக்குப் பலியாயினர். குதிரைமேல் வாளேந்தி வந்த சந்தியோகுமையோர், குருநகர்க் கடற்றொழிலாளரிடையே மீண்டும் வலை பழுதுபார்க்கும் செபெதேயுவின் மகனாகிவிட்டார். இவ்வடிவ மாற்றத்தை எந்தப் பாதிரியாரும் கட்டளையிட்டுச் செய்யவில்லை.

எனவே ஆய்வாளர் இனி நோக்கவேண்டிய மூலங்கள் வேறாதல் வேண்டும். பங்குகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஞானப்பெற்றாராக மீண்டும் மீண்டும் வரும் பெயர்கள் எவை? எஸ்தாக்கியார், மூவிராசாக்கள் போன்ற கூத்துகளைத் தலைமுறை தலைமுறையாக ஆட்டுவித்த அண்ணாவிமாரின் கொப்பிகளில் யார் யார் கையெழுத்து உள்ளது? சந்தியோகுமையோர் அம்மானையின் ஏடுகளில் பெயர்த்தெழுதியோர் தம் பெயரையும் ஊரையும் குறித்துள்ளனரா? இத்தகைய வினாக்களுக்கு முன்மாதிரி புதிய ஏற்பாட்டிலேயே உண்டு. உரோமையருக்கு எழுதிய மடலின் 16ஆம் அதிகாரத்தை இறையியலாளர் பொதுவாக விரைந்து கடந்துவிடுவர்; அதில் கோட்பாடு எதுவும் இல்லை, வெறும் வணக்கங்களே. தாம் நிறுவாத அத்திருச்சபையில் தமக்கு முன்னரே உழைத்தவர்களைச் சின்னப்பர் அங்குப் பெயர் சொல்லி வணங்குகின்றார்: கூடாரம் செய்யும் பிரிஸ்கில்லாவும் அவள் கணவன் ஆக்கிலாவும், பெர்சியாள், ரூபுஸ், தம்மையும் பிள்ளையாகப் பாவித்த ரூபுஸின் தாய் என அப்பட்டியல் நீள்கின்றது. அவர்களுள் யூனியா என்பவரை அப்போஸ்தலரிடையே பெயர்பெற்றவர் என்கிறார். அது ஒரு பெண்ணின் பெயர். பிற்கால உரையாசிரியர் பலர் அதை ஆண் பெயராக மாற்றிப் படித்தனர்.